பிறர் வாசலில் பஞ்சாலை

பஞ்சாலை, தண்ணீர்க் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே, செல்லம்மாவின் வீட்டு முன் நின்றுவிட்டாள். இடக்கண்ணைச் சுருக்கி, தலையை வலத்தோளின் பக்கம் சாய்த்து, கதவை மேலிருந்து கீழாக ஒரு முறையும் கீழிருந்து மேலாக ஒரு முறையும் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள். வாசலில் குற்றம் கண்டால் அவள் மூக்கு அதைச் சொல்லிவிடும். வாய் பிறகுதான் தொடங்கும்.

“ஏண்டி செல்லம்மா, வெளக்குமாத்த இப்படி வாசலுக்கு நேரா நிக்க வெச்சிருக்கியே, வர்றவ வருவாளா?”

“யாருக்கா வரப்போறா?”

“சீதேவிதாண்டி.”

“வந்தா மரவள்ளிக் கெழங்குதான் இருக்கு, தின்னுட்டுப் போவச் சொல்லுங்க. ரேஷன் அரிசியே வந்து பத்து நாளாச்சுலா. இதுல சீதேவி வேற!”

லயத்தின் இரண்டு பக்கத்திலும் சிரிப்பு எழுந்தது. பஞ்சாலை சிரிக்கவில்லை. விளக்குமாற்றை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டு, நிலையை ஒருமுறை கையால் தடவிக்கொடுத்து, அடுத்த வாசலுக்கு நகர்ந்தாள். குடத்து நீர் தளும்பி அவள் சேலையை நனைத்துக்கொண்டே சென்றது. குழாயடியிலிருந்து அவள் வீட்டுக்கு நூறு அடிதான் தொலைவு. அந்த நூறு அடியைக் கடக்க அவளுக்கு அரைமணி நேரம் பிடிக்கும்.

சிரம்பானை அடுத்த செண்டாயான் பக்கத்தில் இருந்தது எங்கள் ரப்பர்த் தோட்டம். அங்கே மருந்துக் கூடத்தில் புண்ணுக்குக் கட்டுக் கட்டும் டிரசராக நான் வேலை பார்த்தேன். இரண்டு லயங்கள் ஒன்றையொன்று பார்த்து நின்றன. ஒவ்வொன்றிலும் பத்து வீடுகள். ஒரே அச்சில் வார்த்தவை போன்ற பத்துக் கதவுகள். கம்பெனி கட்டிக் கொடுத்த கதவுகளின் திசையை மாற்ற யாராலும் இயலாது. பஞ்சாலைக்கும் அது தெரியும். ஆதலால் கதவை விட்டுவிட்டுக் கதவின் முன் கிடப்பவற்றை அவள் ஆளத் தொடங்கினாள். துணிக்கொடி வாசலைக் குறுக்கே வெட்டக் கூடாது. செருப்பு மூக்கை உள்ளே நீட்டிக் கிடக்க வேண்டும். கீல் முனகினால் அந்த வீட்டில் பேச்சு வளரும். தேங்காயெண்ணெய் இல்லாவிட்டால் ரப்பர்க் கொட்டையையாவது நசுக்கித் தேய்க்க வேண்டும். அரிசிமாவுக்கு வழியில்லாத அந்நாளில் வெள்ளைக் களிமண்ணால் கோலம் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னவளும் அவளே. “எறும்புக்கு வேணா அது சோறில்ல. வாசலுக்குத் தெரியவா போவுது?” என்றாள்.

இக்கலையை அவள் இரண்டு இடங்களில் பெற்றாள். ஒன்று, அவள் தகப்பன். கொத்தனாரிடம் சித்தாளாக இருந்துவிட்டுக் கப்பலேறியவர். மனை கோலும் வாய்பாட்டில் பாதியை நினைவிலும் பாதியைக் கற்பனையிலும் வைத்திருந்தவர். மற்றொன்று, ராசா என்ற ஊரில் இருந்த சீனர் மளிகைக் கடை. போருக்கு முன் ஈராண்டு பஞ்சாலை அந்த வீட்டில் துணி துவைத்தாள். கடைக்காரரின் மனைவி காற்றும் தண்ணீரும் வாசல் வழியாக எப்படி நுழைய வேண்டும் என்று மலாயில் பாதியும் சைகையில் பாதியுமாக அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். நிலைக்கு மேல் எட்டு மூலைக் கண்ணாடி. கதவுக்கு இருபுறமும் இரண்டு சிவப்பு விளக்கு, இரண்டு பூந்தொட்டி, இரண்டு காகிதச் சுருள். “சீனன் எதையும் ஒத்தையா வெக்க மாட்டான்லா. சோடிதான். அதான் அவன் கடை அப்படி நடந்துச்சு.”

“நடந்துச்சு சரி,” என்பான் அவள் கணவன் மாயாண்டி, பல்லில்லாத வாயில் புகையிலைக்குப் பதிலாக ஏதோ இலையை அதக்கிக்கொண்டு. “ஜப்பான்காரன் வந்தப்ப அந்தத் தவுக்கே மொதலாளியத்தான மொதல்ல இழுத்துக்கிட்டுப் போனான்? ஒன் கண்ணாடி என்னா பண்ணிக்கிட்டு இருந்துச்சு?”

“கண்ணாடியில விரிசல் உளுந்திருந்துச்சு. நான் அன்னிக்கே அந்தம்மாகிட்ட சொன்னேன்.”

“விரிசல் உளுந்தது ஒன் தலையில.”

பஞ்சாலை அதற்குள் அடுத்த வாசலுக்குப் போய்விட்டிருப்பாள். அவளுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். நெட்டை உருவம்; சேலையின் கிழிசலை மறைக்க இடுப்பில் கோணிச் சாக்கைச் சுற்றியிருப்பாள். பிள்ளைகள் இல்லை. தன் தாய் இறக்கும்போது கையில் கொடுத்துவிட்டுப் போன தம்பி கணேசமூர்த்தியைத்தான் பிள்ளையாக வளர்த்தாள். இருபத்திரண்டு வயதுக் காளை அவன். தோட்டத்தில் சுட்ட கரியை மாட்டு வண்டியில் ஏற்றி அம்பாங்கானுக்குக் கொண்டுபோவது அவன் வேலை; பெட்ரோல் இல்லாத லாரிகள் அந்தக் கரியில்தான் ஓடின. விடியுமுன் போய்ப் பொழுது சாய்ந்து வருவான். வரும்போது வாசலில் ஏதேனும் புதுமை இருக்கும். “அக்கா, இன்னிக்கி எந்தக் காலை மொதல்ல வெக்கணும்? சொல்லிரு, நடு ரோட்ல நிக்கிறேன்,” என்பான். அவனை மட்டும் அவள் திட்டுவதில்லை.

வாசல் பார்த்துச் சொன்னதற்கு அவள் ஒருவரிடமும் ஒரு பிடி உப்புக்கூட வாங்கியதில்லை. எவர் வீட்டினுள்ளும் போய் அமர்ந்ததுமில்லை. திருப்பதிகம் பாடித் திருக்கதவம் திறந்த நாட்டின் மக்கள் நாம். கதவு என்றால் நமக்கு மரம் மட்டுமன்று. ஆதலால் அவளை நான் எள்ளியதில்லை. மருந்துக் கூடத்து வாசலில் கிடந்த உடைந்த வாளியை அவள் எடுத்தெறியச் சொன்னபோது எடுத்தெறிந்தேன். அன்று முதல் புண்கள் விரைந்து ஆறுவதாக எனக்கும் ஒரு எண்ணம் தோன்றிற்று.

அவளால் பொறுக்க முடியாத வாசல் ஒன்று உண்டு. அவள் வீட்டுக்கு நேரெதிரே, மறு லயத்தில், நல்லசாமியும் அவன் மனைவி நீலாவதியும் இருந்த வீடு. மணமாகி ஓராண்டு, வேறு துணை இல்லாத இருவர். குளிக்கும் இடத்திலிருந்து வரும் சாக்கடை வளையாமல் நெளியாமல் வந்து, அவர்கள் படிக்கு முன்னால் முட்டி, பிறகே பக்கத்தில் திரும்பியது.

“நேரா வர்ற தண்ணி ஈட்டி மாதிரிடி. குறுக்க ஒரு கல்லு வெய்யி. இல்லன்னா ஒரு வாழையாவது நடு.”

“நட்டா பழம் யாருக்குக்கா, ஈட்டிக்கா?” என்று நல்லசாமி உள்ளிருந்து கேட்பான். நீலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். வாழையும் நடப்படவில்லை, கல்லும் வைக்கப்படவில்லை. சிரிப்புக்குப் பஞ்சமில்லாத வீடு அது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் நீலாவதி கருவுற்றாள். அன்றிலிருந்து பஞ்சாலைக்கு எதிர் வாசலைப் பார்த்தால் சோறு இறங்கவில்லை. அக்காலத்தில் ரப்பர்ப் பால் வெட்டு நின்றுபோயிருந்தது. காட்டைத் திருத்தி மரவள்ளி போடுவதற்காக ஆண்களுக்கு ஆளுக்கொரு மண்வெட்டி கொடுத்திருந்தார்கள். பெண்களுக்குக் கத்தியும் கூடையும்தான். வேலை முடிந்ததும் மண்வெட்டியைக் கழுவிக் கதவோரம் சாத்தி வைப்பது எல்லா வீட்டிலும் வழக்கமாயிற்று. நல்லசாமியின் வாசலில் ஒரே ஒரு மண்வெட்டி சாய்ந்திருந்ததைப் பஞ்சாலை ஒரு மாலை கண்டாள், மூக்கை உறிஞ்சினாள்.

“மாசமா இருக்கிறவ வாசல்ல ஒத்தை இரும்பா? ஆகவே ஆகாது. அந்தப் பக்கம் ஒன்னு, இந்தப் பக்கம் ஒன்னு நிக்கணும். காவக்காரன் மாதிரி. அப்பத்தான் அந்த ஈட்டி உள்ள வராது.”

“ரெண்டாவதுக்கு நான் எங்கக்கா போவேன்? ஆளுக்கு ஒன்னுதானே?”

“எந்தம்பிக்கு வண்டி வேலை. அவன் மண்வெட்டி சும்மாத்தான் துருப்பிடிக்குது. இரு, வரேன்.”

கணேசமூர்த்தியின் மண்வெட்டியை அவளே தூக்கி வந்தாள். துருவைச் செங்கல்லால் தேய்த்து, காம்பில் மஞ்சள் தடவி, நீலாவதியின் கதவுக்கு வலப்புறம் சாத்தினாள். எதிர் வரிசைக்குப் போய் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிறைவை நான் அதற்கு முன் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

சித்திரை மாதத்தில் ஜப்பானிய மன்னரின் பிறந்தநாள் வந்தது. கொடிக்கு வணக்கம் செலுத்த ஆண் பெண் அனைவரையும் சிரம்பான் திடலுக்கு நடத்திச் சென்றார்கள். கணேசமூர்த்தியின் வண்டியும் பிள்ளைகளையும் முதியவர்களையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. பஞ்சாலைக்குக் குளிர்க்காய்ச்சல், சாக்கைப் போர்த்திக்கொண்டு தன் வீட்டு அஞ்சடித் திண்ணையில் ஒடுங்கிக் கிடந்தாள். வெறிச்சோடிய லயத்துக்குள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சின்னத்துரை வந்தார். வந்து இரண்டு வாரமே ஆனவர். மூக்குக் கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நூல் கட்டியிருந்தார். பழைய பெயர்ப் பதிவேடுகளை வெள்ளைக்காரத் துரை ஓடும் முன்பே எரித்துவிட்டார். ஆட்களை வேலை வாங்கி அறிந்த மண்டோரோ முதல் கூட்டத்தோடு சயாமுக்குப் போய்விட்டார். ரேஷன் பதிவில் வீட்டுக்காரன் பெயரும் மொத்தத் தலைகளும் மட்டுமே இருந்தன. வீடு வீடாக விசாரித்து எழுத வேண்டியதைச் சின்னத்துரை ஆளில்லாத நாளில் எளிதாக முடிக்க எண்ணினார்.

அன்று நடந்ததை இரண்டு ஆண்டுக்குப் பின் பஞ்சாலை சொல்லக் கேட்டேன். கேட்டபடியே எழுதுகிறேன்.

“ஒருத்தரும் இல்லையோ?” என்றார் கிராணி.

“எல்லாம் கும்புடு போடப் போயிருக்காங்க ஐயா.”

“ஓம் ஓம். மண்வெட்டி ஆம்பிளைக்கு ஒண்டுதானே குடுத்தது?”

“ஆமாங்க ஐயா. ஆளுக்கு ஒன்னு.”

அவர் வாசல் வாசலாகப் போனார். கதவோரத்து மண்வெட்டிகளை எண்ணிப் பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினார். எதிர் வரிசையில், “இஞ்ச ரெண்டு,” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். திரும்பி வந்து அவள் தலைக்கு மேலே சாய்ந்திருந்த மாயாண்டியின் மண்வெட்டியைப் பார்த்தார். “உங்கட வீட்டில ஒண்டு.”

“இதெல்லாம் எதுக்குங்க ஐயா?”

“சயாமுக்கு, ரயில் ரோட்டு வேலைக்கு. ரெண்டு ஆம்பிளை இருக்கிற வீட்டில ஒராள் போகவேணும். ஒராள் மட்டும் இருக்கிற வீட்டைத் தொடவேண்டாமெண்டு சொல்லியிருக்கினம்.”

பென்சில் முனை ஒடிந்திருந்தது. சின்னத்துரை அங்கேயே நின்று பேனாக்கத்தியால் அதைச் சீவினார். கத்தி மழுங்கல், நெடுநேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் பஞ்சாலை சொல்ல வேண்டியிருந்தது ஒரு சிறு வாக்கியம்: எதிர் வீட்டு மண்வெட்டிகளில் ஒன்று எங்கள் வீட்டுடையது. சொல்லியிருந்தால் நல்லசாமியின் வீடு தப்பும். அவள் வீட்டில் இரண்டு ஆண்கள் என்று ஆகும். அறுபதைத் தொட்ட மாயாண்டியை எவரும் கேட்கமாட்டார்கள். தம்பியைத்தான் கேட்பார்கள். சயாமுக்கு முதலில் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அவள் சாக்கை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள். சாக்குக்குள் இருந்தபடியே கத்தி மரத்தைச் சீவும் ஓசையைக் கேட்டாள். ஓசை நின்றது. செருப்படி அகன்றது.

சயாமுக்குப் போக வேண்டியவர்களின் பட்டியலைப் படிக்கும் நாள் வரப் பதினொரு நாள் ஆயிற்று. அந்தப் பதினொரு நாளும் பஞ்சாலை ஆபீஸ் வரை நடந்தாள், வாசலில் நின்றாள், திரும்பினாள். எதிர் வாசலிலிருந்த மண்வெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அஞ்சினாள். எடுத்தால் எவரேனும் ஏன் என்று கேட்பார்கள். காகிதம் தொலையலாம்; மழையில் நனையலாம்; ஜப்பான்காரன் மனம் மாறலாம். இப்படியெல்லாம் எண்ணி எண்ணி நாளைக் கழித்தாள். இறைவன் அவளுக்குப் பதினொரு காலைப் பொழுதுகளைத் தந்தான். ஒவ்வொன்றையும் அவள் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாள்.

விடியற்காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்திப் பெயர் படித்தார்கள். படிப்பது கிராணி, பக்கத்தில் நீண்ட வாளோடு ஒரு ஜப்பானிய அதிகாரி. பெயர் சொல்லப்பட்ட வீட்டில் அவனோ, வீட்டிலுள்ள மற்றவனோ, ஒருவன் முன்வரலாம் என்பது ஆணை. நல்லசாமி என்று கேட்டதும் அவன் சிரித்தான். தவறுதலாகப் படித்துவிட்டார்கள் என்றே நினைத்தான்.

“ஐயா, எங்கூட்ல நான் ஒத்தை ஆளுங்க. மத்தவன்னு யாருமில்லீங்க. பொண்டாட்டி மாசமா இருக்கா.”

சின்னத்துரை காகிதத்தைப் பார்த்தார், வாளைப் பார்த்தார். மண்வெட்டியை எண்ணி எழுதினேன் என்று அந்த வாளின் முன்னால் அவர் எப்படிச் சொல்வார்? “விசாரிச்சுத்தான் எழுதினது. முப்பது பேர் குடுக்கவேணும். மூண்டு மாசத்தில திருப்பி அனுப்புவினம்,” என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அடுத்த பெயரைப் படித்துவிட்டார்.

லாரி புறப்படும்போது நல்லசாமி பின்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கையில் ஒரு தகரக் குவளை. தோளில் நீலாவதியின் பழைய சேலையை மடித்துப் போட்டிருந்தான். கூட்டத்தில் பஞ்சாலையின் உயரம் தனித்துத் தெரிந்தது. அவளைப் பார்த்துக் கையை அசைத்தான்.

“அக்கா! எங்கூட்டு வாசலக் கொஞ்சம் பாத்துக்குங்க!”

சுற்றி நின்றவர்களில் சிலர் அழுகையினூடே சிரித்தார்கள்.

அதன்பின் நிகழ்ந்ததுதான் எனக்கு இன்றளவும் நெஞ்சை அறுப்பது. ஒத்தை ஆள் இருந்த வீட்டிலிருந்து நல்லசாமியை ஏன் கொண்டுபோனார்கள் என்பது எவருக்கும் விளங்கவில்லை. விளங்காத இடத்தில் சாக்கடை வந்து புகுந்தது. “பஞ்சாலக்கா அன்னிக்கே சொன்னாங்கலா, தண்ணி நேரா வந்து முட்டுது, ஆம்பள தங்க மாட்டான்னு,” என்றாள் செல்லம்மா. பஞ்சாலை அப்படிச் சொன்னதில்லை. ஆயினும் எல்லோரும் கேட்டதாகவே நினைவுகூர்ந்தார்கள். நானும் மருந்துக் கூடத்தில் வந்தவர்களிடம் தலையசைத்து, “அவள் சொன்னது பலித்துவிட்டது,” என்றேன். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் அவளைத் தேடி வரலானார்கள். யாருடைய மகனைக் கொண்டுபோகாமல் இருக்க எந்தப் பக்கம் என்ன வைப்பது என்று கேட்டார்கள்.

பஞ்சாலை ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. “எனக்குத் தெரியாது ஆத்தா. மறந்துபோச்சு,” என்பாள். அதைச் செருக்கு என்றார்கள். “பேரு வந்ததும் பெரிய சாமியாடி ஆயிட்டா. இப்பல்லாம் வெத்தல பாக்கு வெச்சாத்தான் வாயத் தொறப்பா போல,” என்று செல்லம்மா குழாயடியில் பேசினாள். வெற்றிலை வைத்தும் பார்த்தார்கள். பஞ்சாலை அதைத் தொடவில்லை.

நடை மாறிப்போயிற்று. குடத்தோடு லயத்தின் முன்புறம் வருவதை நிறுத்தி, கக்கூஸ்கள் இருந்த பின்சந்து வழியாகத் தலை குனிந்து போவாள். நூறு அடியை நூறு அடியாகவே கடந்தாள். ஒருநாள் கணேசமூர்த்தி, “அக்கா, எதிர் வீட்ல கெடக்கிற எம் மண்வெட்டிய வாங்கியாரட்டுமா? நாளைக்கு வாய்க்கா வெட்டணுமாம்,” என்று கேட்டான். வாழ்நாளில் முதன்முறையாக அவனை அவள் அறைந்தாள். அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விழித்தான். அறைந்த கையாலேயே அவன் முகத்தைத் தடவி அழுதாள். ஏன் என்று அவனுக்கு இன்றும் தெரியுமோ, தெரியாதோ.

நீலாவதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. செல்லம் என்று பெயரிட்டாள். மூன்று மாதம் என்றார்கள்; முப்பதானாலும் நல்லசாமி வரமாட்டான் போலிருந்தது. விடியலில் அவள் பின்கட்டு அடுப்படியில் இரண்டு கிழங்கோ, ஒரு பிடி கீரையோ, ஒரு சிரட்டை உப்போ இருக்கும். யார் வைத்தது என்று அவள் ஊகித்துக்கொண்டாள். “பஞ்சாலக்கா இல்லன்னா நானும் புள்ளையும் செத்திருப்போம் டிரசர் ஐயா. கூடப் பொறந்தவகூட இப்படிச் செய்ய மாட்டா,” என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அச்சொல்லை நான் போய்ப் பஞ்சாலையிடம் சொன்னேன். மகிழ்வாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

நாற்பத்தைந்தாம் ஆண்டு தை மாதம். சயாமிலிருந்து தப்பி வந்த ஒருவன் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டு நீலாவதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் விசாரித்தாள். நல்லசாமியைத் தான் பார்த்ததாகவும் இல்லை, பார்க்காததாகவும் இல்லை என்று அவன் சொன்னான். அவனுக்குத் தன் பெயரே சில வேளை நினைவில் இல்லை. மறுநாள் காலை, குழந்தை செல்லத்தின் கணுக்காற் புண்ணுக்குக் கட்டு மாற்ற நான் போனபோது, நீலாவதி முன்வாசலில் நின்று பலகை அடித்துக்கொண்டிருந்தாள். புகைக்கூடத்துப் பழைய பெட்டிகளைப் பிரித்து எடுத்த பலகைகள். அவற்றிலிருந்து பிடுங்கிய துருவேறிய ஆணிகள். ஆணி அந்நாளில் அரிசிக்கு அடுத்த அரும்பொருள். கதவை இழுத்துச் சாத்தி, நிலையின் இரு பக்கமும் சேர்த்துக் குறுக்கே இரண்டு பலகைகளை அறைந்துவிட்டாள். மூன்றாவதைத் தூக்கினாள். சுத்தியல் இல்லை, கோடரியின் முதுகால் அடித்தாள்.

நான் குழந்தையை மடியில் வைத்துக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஓசை கேட்டுப் பஞ்சாலை எதிர் வீட்டிலிருந்து வெளியே வந்தாள். இரண்டு ஆண்டாக மிதிக்காத முன்வெளியைக் கடந்து வந்து நின்றாள்.

“என்னாடி பண்றே?”

“வாசல அடைக்கிறேங்கா. இனிமே பின்பக்கமா போய்க்கிறேன். நீங்க கல்லு வெய்யின்னீங்க, வாழ வெய்யின்னீங்க. நாங்க ரெண்டு பேரும் சிரிச்சோம். அவரு போனதே எஞ்சிரிப்பாலதான். இந்த வாசலால போன மனுசன் இந்த வாசலால வரவே மாட்டாரு.”

“கீழ வெய்யி அத.”

“இல்லக்கா, நீங்க சொன்னப்பவே நான்…”

“வெய்யின்னேன்!”

பஞ்சாலை முதல் பலகையின் விளிம்பில் இரண்டு கைவிரலையும் கொடுத்து இழுத்தாள். ஆணி கிறீச்சிட்டுப் பாதி வந்தது. மறுபடி இழுத்தாள். விரல் நகத்தருகே கிழிந்து இரத்தம் கசிந்தது; அவள் கவனிக்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“சாக்கடை ஒன்னும் பண்ணல. வாசலு ஒன்னும் பண்ணல. நாந்தான் பண்ணேன். எந்தம்பி மண்வெட்டிய இங்க சாத்துனேன் பாரு, அத எண்ணித்தான் கிராணி ஒங்கூட்ல ரெண்டு ஆம்பளன்னு எழுதுனாரு. எங்கூட்ல ஒன்னுன்னு எழுதுனாரு. நான் பாத்துக்கிட்டே கெடந்தேன்.”

முதல் பலகை கழன்று விழுந்தது. இரண்டாவதைப் பிடித்தாள். நீலாவதியின் கையிலிருந்த கோடரி தாழ்ந்தது.

“தெரிஞ்சேவா சாத்துனீங்க?”

“இல்ல. சாத்துறப்ப தெரியாது. உம் புள்ளைக்கு நல்லதுன்னுதான் சாத்துனேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் தெரிஞ்சுச்சு. சயாமுக்குன்னு அவரே சொன்னாரு. பென்சிலச் சீவிக்கிட்டு நின்னாரு. வாயத் தொறக்கல.”

“லாரி வர்றதுக்கு எத்தன நாளு இருந்துச்சு?”

“பதினோரு நாளு.”

இரண்டாவது பலகையும் விழுந்தது. கதவு தானே உட்பக்கம் சற்றுத் திறந்துகொண்டது. நீலாவதி கோடரியை மண்ணில் போட்டாள். அவள் அழுவாள், அடிப்பாள், ஊரைக் கூட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். அவள் என் மடியிலிருந்த குழந்தையை, பாதி சுற்றிய கட்டோடு, தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பலகைகளைத் தாண்டி முன்வாசல் வழியாகவே உள்ளே போனாள். கதவைச் சாத்தவுமில்லை, வாருங்கள் என்று சொல்லவுமில்லை. உள்ளே இருட்டில் அடுப்பை ஊதும் ஓசை மட்டும் கேட்டது.

பஞ்சாலை படிக்கு வெளியே, வெயிலில், தரையில் அமர்ந்தாள். சிதறிக் கிடந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் சேர்த்தாள். ஆறு ஆணிகள், எல்லாம் வளைந்தவை. ஒரு கல்லைக் கீழே வைத்தாள். இன்னொரு கல்லைக் கையில் எடுத்தாள். ஆணியைக் கிடத்தித் தட்டி நிமிர்த்தினாள். ஒன்று முடிந்ததும் படியின் ஓரத்தில் வைத்தாள், அடுத்ததை எடுத்தாள். திறந்த கதவின் பக்கம் ஒருமுறையும் தலை திருப்பவில்லை. நான் மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்தபோது ஆறாவது ஆணியும் நேராகியிருந்தது. அவள் அதைப் புரட்டி, மறுபடி கல்லில் கிடத்தி, மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தாள்.